பிராங்க்பர்ட்டிலிருந்து மிலானுக்கு எவ்வளவு தூரம்? ஆம்பூர்க்காரர்களுக்கான பயணக் கையேடு

பிராங்க்பர்ட்டுக்கும் மிலானுக்கும் இடையே வான்வழித் தூரம் ஏறக்குறைய 510 கிலோமீட்டர். விமானத்தில் ஒரு மணி பத்து நிமிடம். கைப்பேசியைக் கேட்டால் அரை நொடியில் சொல்லிவிடும். இந்தப் பதிலை நம்பி செப்டம்பரிலும் பிப்ரவரியிலும் மிலான் தோல் கண்காட்சிக்குக் கிளம்பும் ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, மேல்விஷாரம், ராணிப்பேட்டை அன்பர்களின் நலன் கருதி எழுதப்பட்டது இந்தக் கையேடு. ஷூ கம்பெனி வாரிசுகள், மார்க்கெட்டிங் மேனேஜர்கள், "நீயும் ஒரு தடவ போய்ப் பாத்துட்டு வாப்பா" என்று அனுப்பிவைக்கப்படும் மருமகன்கள் ஆகியோர் இதைக் கிழித்து பாஸ்போர்ட்டுக்குள் மடித்து வைத்துக்கொள்ளலாம்.

படி 1: தூரத்தை அளக்கும் முறை

தோல் ஷாப்பில் வேலை பார்த்தவருக்கு இதைப் புரியவைப்பது எளிது. ஒரு சைடு தோலை அளவு மெஷினில் விட்டால் 18 அடி என்று எண் விழும். அதே தோல் ஷூ கம்பெனியின் கட்டிங் டேபிளுக்கு வந்தால் என்ன ஆகிறது? வயிற்றுப் பக்கம் தொளதொளவென்று இருக்கிறது. கழுத்தில் சுருக்கம். முதுகில் உண்ணி கடித்த தடம். உரித்தவர் கத்தி பட்ட ஓட்டை ஒன்று. கட்டிங் மாஸ்டர் உதட்டைப் பிதுக்கி வேறொரு கணக்குச் சொல்வார். 510 கிலோமீட்டர் என்பது மெஷின் போட்ட எண். இந்தக் கையேடு மாஸ்டரின் கணக்கு.

முதலில் எந்தப் புள்ளியிலிருந்து எந்தப் புள்ளிக்கு என்று முடிவு செய்யுங்கள். ஊர் நடுவிலிருந்து ஊர் நடுவுக்கு அளந்தால் 520 கிலோமீட்டருக்குப் பக்கம் வரும். பிராங்க்பர்ட் விமான நிலையத்திலிருந்து மிலானின் லினாத்தே நிலையத்துக்கு 510. அதே மிலானின் மல்பென்சா நிலையத்துக்கு 490. இணையத்தில் ஆளுக்கொரு எண் சொல்வதற்குக் காரணம் இதுதான். யாரும் பொய் சொல்லவில்லை. மல்பென்சா கணக்கை நீங்களே காகிதத்தில் போட்டுப் பார்க்கலாம். பிராங்க்பர்ட் நிலையமும் மல்பென்சாவும் கிட்டத்தட்ட ஒரே தீர்க்கரேகையில், ஒன்றுக்கு நேர் தெற்கே மற்றொன்றாக இருக்கின்றன. அட்சரேகையில் 4.4 பாகை வித்தியாசம். ஒரு பாகைக்கு 111 கிலோமீட்டர். பெருக்கினால் 488. சென்னையிலிருந்து பிராங்க்பர்ட் போவதற்கு இப்படிப் பெருக்க முடியாது. உருண்டையின் மேல் வளைந்து போகும் மிகக் குறுகிய கோட்டைக் கணக்கிட வேண்டும். அது சுமார் 7,600 கிலோமீட்டர்.

இனி ஓட்டைகளைப் பார்ப்போம். மலிவு டிக்கெட்டில் 'மிலான்' என்று போட்டிருந்தால் மகிழ்ந்துவிடாதீர்கள். அது பெர்கமோவாக இருக்கலாம். மிலானிலிருந்து 50 கிலோமீட்டர், அதாவது நமக்கு ஆம்பூரும் வேலூரும். 'பிராங்க்பர்ட்' என்று போட்டிருந்தால் அது ஹான் என்ற இடமாக இருக்கலாம். உண்மையான பிராங்க்பர்ட்டிலிருந்து சாலையில் 120 கிலோமீட்டர். ஆம்பூருக்கு டிக்கெட் எடுத்தவரைக் காஞ்சிபுரத்தில் இறக்கிவிட்டால் நாம் டிரைவரிடம் எப்படிப் பேசுவோமோ அப்படி அங்கே பேச முடியாது. டிக்கெட்டிலேயே பொடி எழுத்தில் போட்டிருக்கும்.

லினாத்தேயா மல்பென்சாவா என்பதில் அனுபவசாலிகளே சறுக்குவார்கள். லினாத்தே ஊருக்கு ஏழெட்டு கிலோமீட்டர்தான். மெட்ரோ ரயிலும் வந்துவிட்டது. மல்பென்சா 50 கிலோமீட்டர் தள்ளி. எனவே லினாத்தேதான் கெட்டிக்காரத்தனம் என்று தோன்றும். ஆனால் நீங்கள் மிலானுக்குப் போகவில்லை. தோல் கண்காட்சியான லைனியாபெல்லேவும் செருப்புக் கண்காட்சியான மீகாமும் நடப்பது ரோ என்ற புறநகரில். அது ஊருக்கு வடமேற்கே, மல்பென்சா போகும் பக்கம். லினாத்தே இருப்பது கிழக்கே. லினாத்தேயில் இறங்கியவர் ஊரைக் குறுக்கே கடந்து இந்தக் கோடிக்கு வரவேண்டும். காலையில் நேராகக் கண்காட்சிக்குப் போகிறவருக்குத் தூரத்து மல்பென்சாவே கிட்டத்து நிலையம்.

பழைய ஆட்கள் இப்போதும் "பொலோஞா போறேன்" என்று சொல்வதைக் கேட்டுக் குழம்ப வேண்டாம். லைனியாபெல்லே 2014-ல்தான் பொலோஞாவை விட்டு மிலானுக்கு வந்தது. அவர்கள் மனசு இன்னும் வரவில்லை, அவ்வளவுதான்.

படி 2: நேரத்தை அளக்கும் முறை

ஒரு மணி பத்து நிமிடத்தில் விமானம் காற்றில் இருப்பது ஐம்பது நிமிடத்தைச் சற்றுத் தாண்டும். மிச்சமெல்லாம் தரையில் ஊர்வது. புறப்படும் இடத்தில் சக்கரம் நகர ஆரம்பித்ததிலிருந்து போய்ச்சேரும் இடத்தில் நிற்கும் வரை உள்ள நேரத்தைத்தான் விமான நிறுவனங்கள் பயண நேரம் என்று அச்சடிக்கின்றன. பிராங்க்பர்ட்டில் நான்கு ஓடுதளங்கள். 2011-ல் திறந்த வடமேற்கு ஓடுதளத்தில் இறங்கினால் விமானம் நெடுஞ்சாலையைப் பாலத்தின் மேல் கடந்து முனையத்துக்கு வரும். வந்துகொண்டே இருக்கும். சாலையிலேயே மிலானுக்குக் கூட்டிப்போகிறார்களோ என்று சந்தேகம் எழுவது இயல்பு.

வேகத்தையும் கணக்குப் போட்டு வைத்துக்கொள்ளுங்கள்; பக்கத்து சீட்காரரிடம் சொல்லலாம். சென்னையிலிருந்து பிராங்க்பர்ட்டுக்கு 7,600 கிலோமீட்டரைச் சுமார் பத்து மணி நேரத்தில் கடப்பதால் சராசரி வேகம் மணிக்கு 760. பிராங்க்பர்ட்–மிலான் பயணத்தில் அது 440-க்குக் கீழே இறங்கிவிடும். விமானம் மேலே ஏறி நிமிர்ந்ததும் கீழே குனியவேண்டிய தூரம் அது. ஆல்ப்ஸ் மலையைப் பார்க்க ஜன்னல் சீட் கேட்டு வாங்கினவர் காபிக் கோப்பையைத் திருப்பிக் கொடுப்பதற்குள் மலை முடிந்துவிடும்.

திரும்பி வரும்போது பிராங்க்பர்ட்–சென்னை பயணம் ஒரு மணி நேரம் வரை குறையும். உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காக வீசும் காற்று நம் பக்கம் தள்ளிவிடுகிறது. பையர் ஆர்டர் கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும் இந்தச் சலுகை உண்டு.

கடிகார விஷயம். ஜெர்மனிக்கும் இத்தாலிக்கும் ஒரே நேரம். வாட்சைத் தொட வேண்டாம். நமக்கும் அவர்களுக்கும் செப்டம்பரில் மூன்றரை மணி நேர வித்தியாசம், பிப்ரவரியில் நாலரை. மார்ச் கடைசி ஞாயிறும் அக்டோபர் கடைசி ஞாயிறும் அவர்கள் கடிகாரத்தைத் திருப்பிக்கொள்வார்கள். இது தெரியாமல் வாட்ஸ்ஆப் மீட்டிங்குக்கு ஒரு மணி நேரம் முன்னதாகவே சட்டை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் மெர்ச்சண்டைசர்களை ஆண்டுக்கு ஒருமுறை நம் பகுதியில் பார்க்கலாம். பிராங்க்பர்ட்டிலிருந்து லண்டன் போகிறவர் காலை 9 மணிக்குக் கிளம்பி 9.40-க்கு இறங்குவார். நாற்பது நிமிடத்தில் லண்டன் என்று ஊரில் வந்து அளப்பார். அவரைத் திரும்பி வந்த நேரம் என்னவென்று கேளுங்கள்: இரண்டே முக்கால் மணி நேரத்துக்குப் பக்கம் சொல்லவேண்டியிருக்கும். லண்டன் கடிகாரம் ஒரு மணி நேரம் பின்னால் ஓடுகிறது.

ஆனால் மூன்றரை, நாலரை என்பதெல்லாம் தோல்காரருக்கு ஒரு வித்தியாசமா? பிப்ரவரிக் குளிரில் மப்ளர் கட்டிக்கொண்டு அடுத்த ஆண்டுக் கோடைக்கான சாண்டல் தோலைக் காட்டுகிறவர் அவர். செப்டம்பரில் காட்டுவது அதற்கடுத்து வரும் பனிக்காலத்தை. ஓராண்டு முன்னால் வாழ்ந்து பழகியவருக்கு ஜெட்லாக் வருவதே வெட்கம்.

படி 3

படி 3 தற்போது இல்லை. அது விசா மையத்தில் இருக்கிறது. வந்ததும் சேர்க்கப்படும்.

படி 4: எங்கிருந்து கிளம்புவது

ஆம்பூர் சென்னைக்கும் பெங்களூருக்கும் நடுவில் இருப்பதைப் பெருமையாகச் சொல்வோம். விமானம் பிடிக்கிற அன்று அதே பெருமை வீட்டில் வாக்குவாதமாகும். மீனம்பாக்கம் சுமார் 180 கிலோமீட்டர். பெங்களூர் நகரம் அதைவிடக் கிட்டம். ஆனால் விமான நிலையம் ஊரைத் தாண்டி தேவனஹள்ளியில் இருக்கிறது. ஓசூர் வரை பறந்து போகலாம். அத்திப்பள்ளிக்குப் பிறகு நடப்பதைச் சாலைப் பயணம் என்று சொல்ல மனம் வராது. இரண்டு ஊரிலிருந்தும் பிராங்க்பர்ட்டுக்கு நேரடி விமானம் உண்டு. மிலானுக்கு இரண்டு ஊரிலிருந்தும் இல்லை. துபாய், தோஹா வழியாக மல்பென்சாவுக்கே போய்விடலாமே என்று கேட்கும் புத்திசாலிகள் இருக்கிறார்கள். பெரும்பாலோர் அப்படித்தான் போகிறார்கள். பிராங்க்பர்ட் வழியாகப் போகிறவர்களுக்கு ஒரு காரணம் உண்டு: பக்கத்திலேயே ஆஃபன்பாக். கைப்பை, மணிபர்ஸ் தொழிலுக்குப் பேர்போன ஊர். 1917-லிருந்து அங்கே ஒரு தோல் அருங்காட்சியகம் இருக்கிறது. ஜெர்மன் பையர் ஒருவரைப் பார்த்துவிட்டு, 'இப்படியே மிலானுக்கு ஒரு மணி நேரம்தானே' என்று நினைக்கும்போதுதான் நம் தலைப்புக் கேள்வி பிறக்கிறது.

சென்னை விமானம் நள்ளிரவு தாண்டிக் கிளம்பும். மூன்று மணி நேரம் முன்னால் இருக்கவேண்டும். ஆம்பூரிலிருந்து மீனம்பாக்கத்துக்கு நான்கு மணி நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். கூகுள் மூன்றேகால் என்று சொல்லும். வாலாஜாப்பேட்டைக்கும் பூந்தமல்லிக்கும் இடையே ஆறுவழிச் சாலை வேலை பல ஆண்டுகளாக நடக்கிறது என்பது அதற்குத் தெரியும். எந்த வளைவில் எந்த வண்டியைத் திருப்பிவிடுவார்கள் என்பது தெரியாது. ஸ்ரீபெரும்புதூரில் ஷிப்ட் முடிந்து கம்பெனி பஸ்கள் வெளியே வரும் நேரத்தைத் தவிர்க்கவும். அந்த நேரம் எது என்று கேட்காதீர்கள். அங்கே எப்போதும் ஏதாவதொரு ஷிப்ட் முடிந்துகொண்டிருக்கும்.

180 கிலோமீட்டர், நான்கு மணி நேரம். சராசரி வேகம் 45. ஆக ஒரே பயணத்தில் மணிக்கு 45, மணிக்கு 760, மணிக்கு 440 என்று மூன்று வேகங்களில் போகிறீர்கள். இதில் டென்ஷன் தருவது முதலாவது மட்டுமே.

ரயிலில் போகலாமே என்பார் வீட்டுப் பெரியவர். அவருடைய வாதத்தில் சரித்திர நியாயம் இருக்கிறது. தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1856 ஜூலை 1 அன்று ராயபுரத்திலிருந்து கிளம்பி வந்துசேர்ந்த இடம் நம் வாலாஜா ரோடு. மதுரைக்கும் கோவைக்கும் முன்னால் இந்தத் தோல் சீமைக்கு ரயில் வந்துவிட்டது. ஆம்பூரில் பிருந்தாவன் நிற்கும், ஏலகிரி எக்ஸ்பிரஸ் நிற்கும். 2022 நவம்பரில் விட்ட சென்னை–மைசூர் வந்தே பாரத் மட்டும் ஆம்பூருக்குக் காற்றை மட்டும் கொடுத்துவிட்டுப் போகும்; அதைப் பிடிக்க காட்பாடிக்குப் போகவேண்டும். ரயிலில் போவதானால் சென்ட்ரலில் இறங்கி மெட்ரோவில் நேரே மீனம்பாக்கம் போய்விடலாம். 32 அங்குலப் பெட்டி இரண்டு இல்லாதவருக்கு இது உத்தமமான வழி. தோல் சேம்பிள் கொண்டுபோகிறவரிடம் இரண்டு இருக்கும்.

படி 5: பெட்டி கட்டும் முறை

ஷூ சேம்பிள்களை ஒற்றைக் காலாகத்தான் கொண்டுபோகவேண்டும். ஆணுக்கு 42-ஆம் நம்பர், பெண்ணுக்கு 37. ஜோடியாகக் கொண்டுபோனால் எடை இரட்டிப்பு. விற்பனைக்கு எடுத்துப்போவதாகச் சுங்கத்தில் சந்தேகமும் வரும். ஒற்றைக் காலை யார் வாங்கப்போகிறார்கள்? எக்ஸ்ரேயில் முப்பது வலதுகால் ஷூக்கள் தெரிந்ததும் அதிகாரி உங்களைத் தனியே அழைத்து, "இன்னொரு கால் எங்கே?" என்பார். "ஆம்பூர்ல இருக்கு சார்" என்று உண்மையைச் சொல்லிவிடுங்கள். தோலின் தடிமன் பார்க்கும் கேஜைக் கைப்பையில் வைக்காதீர்கள். எக்ஸ்ரேயில் அது என்னவாகத் தெரியும் என்பது அன்றைய அதிகாரியின் கற்பனையைப் பொறுத்தது.

உணவு. ஆம்பூரிலிருந்து போகிறவர் கையில் பிரியாணி இல்லாமல் எப்படிப் போவது என்று வீட்டில் கண்ணைக் கசக்குவார்கள். ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியேயிருந்து வரும் பயணி இறைச்சியோ பால்பொருளோ கொண்டுவரக்கூடாது என்பது அங்கே சட்டம். சீரகச் சம்பா என்று வாதாடிப் பயனில்லை. உள்ளே இருப்பது கறி. ஆற்காடு மக்கன் பேடாவும் உள்ளே போகாது, அது கோவாவில் செய்தது. ஆட்டுத்தோல் கண்டெய்னர் கண்டெய்னராகப் போகலாம். அந்த ஆட்டின் கறி நூறு கிராம் போக முடியாது. உலக வர்த்தகத்தைப் பற்றி இதைவிடச் சுருக்கமாக யாரும் பாடம் நடத்திவிட முடியாது. பிரியாணியை வீட்டிலேயே எண்ணெய்க் கத்தரிக்காயோடு சாப்பிட்டுவிட்டு, ஊறுகாய்ப் பாட்டிலை மட்டும் நன்றாக மூடிப் பெட்டியில் போடுங்கள். கைப்பையில் அல்ல. எண்ணெய் திரவத்தில் சேர்த்தி.

படி 3 (வந்துவிட்டது)

விசா. செப்டம்பர் கண்காட்சிக்கு ஜூன் கடைசியிலேயே ஆரம்பியுங்கள். ஷெங்கன் விசாவுக்கு ஆறு மாதம் முன்பே மனுப் போடலாம். குறைந்தது 15 நாள் முன்னால் போட்டிருக்கவேண்டும். 2024 ஜூனிலிருந்து கட்டணம் 90 யூரோ. 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்பீடு வேண்டும். கண்காட்சி அழைப்பு, வங்கிக் கணக்கு, வருமானவரிக் கணக்கு, கம்பெனிக் கடிதம், விரல் பத்து.

இங்கேதான் பிராங்க்பர்ட்–மிலான் கேள்வி தத்துவமாகிறது. எந்த நாட்டிடம் விசா கேட்பது? அதிக நாள் தங்கும் நாட்டிடம். இரண்டிலும் சமமாகத் தங்கினால், முதலில் நுழையும் நாட்டிடம். ஆஃபன்பாக்கில் இரண்டு ராத்திரி, மிலானில் மூன்று என்றால் இத்தாலி. ஜெர்மன் பையர், "இன்னொரு நாள் இருங்கள், பேசலாம்" என்று மெயில் போட்டால் மூன்றுக்கு மூன்று, இப்போது ஜெர்மனி. அதற்குள் இத்தாலிக்கு மனு போயிருக்கும். பையர் ஒரு ராத்திரி கூடுதலாக அன்பு காட்டியதால் மனுவே வேறு வாசலுக்கு மாறவேண்டிய நிலை உலகில் வேறெந்தத் தொழிலிலும் இருக்கிறதா என்று தெரியவில்லை. டிராவல் ஏஜென்ட் இதையெல்லாம் கண்ணிமைக்காமல் சரிசெய்துவிடுவார். அவர் போடும் ஹோட்டல் புக்கிங்குகளை ஒருமுறை படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்; நேர்காணலில் கேட்டால் நீங்கள் எந்த ஊரில் தூங்கப்போகிறீர்கள் என்பது உங்களுக்கும் தெரிந்திருக்கவேண்டும்.

தாத்தாக்களுக்கு இந்தத் தொல்லை இல்லை. ஆவாரம்பட்டையில் பதனிட்ட நம் தோல் மெட்ராஸ் துறைமுகத்தில் கப்பலேறி லண்டன் ஏலத்துக்குத் தனியாகவே போய்வந்தது. கூட யாரும் போகவில்லை. பட்டைத்தோலுக்கு ஃபேஷன் கிடையாது. இந்த வருஷம் பழுப்பு, அடுத்த வருஷமும் பழுப்பு. 1970-களில் பச்சைத்தோல் ஏற்றுமதிக்குத் தடை வந்து, பாதி பதனிட்டதற்கும் கட்டுப்பாடு வந்தபிறகு ஃபினிஷ்டு தோல், அப்பர், முழு ஷூ என்று இந்தப் பகுதி படியேறியது. ஒவ்வொரு படிக்கும் கூலி கூடியது, வேலை கூடியது, ஆயிரக்கணக்கான பெண்கள் கம்பெனி பஸ் ஏறினார்கள். கூடவே விமான டிக்கெட்டும் வந்துசேர்ந்தது. ஷூவின் மூக்கு இந்த வருஷம் கூரா சப்பையா என்பதை ரோ மண்டபத்தில் நின்று பார்த்துவர ஓர் ஆள் வேண்டும். சரக்குக்கு மதிப்பு கூடக்கூட அதற்குத் துணைக்கு ஆள் போகவேண்டியிருக்கிறது. 2025 ஆகஸ்டில் அமெரிக்கா நம் சரக்குக்கு 50 சதவீதம் வரி போட்ட நாளிலிருந்து அந்த ஆளைப் பார்த்து வீட்டில் இன்னும் கொஞ்சம் மரியாதையாகப் பேசினார்கள். ஐரோப்பாவாவது கைவிடாமல் இருக்கவேண்டுமே.

படி 6: விமானமா, ரயிலா

பிராங்க்பர்ட்டில் இறங்கி உடனே மிலான் விமானம் பிடிக்கிறவர்களுக்கு டிக்கெட்டில் முக்கால் மணி நேர இடைவெளி கூடக் கொடுப்பார்கள். சட்டப்படி அது போதும். குடிநுழைவு வரிசை சட்டம் படித்ததில்லை. 2025 அக்டோபரிலிருந்து ஐரோப்பிய எல்லைகளில் கைரேகையும் முகப்படமும் பதிவுசெய்யும் முறை படிப்படியாக வந்திருப்பதால், இரண்டு மணி நேரத்துக்குக் குறைவான இணைப்பை எடுக்காதீர்கள். ராத்திரி விமானத்தை நம்பியும் நேரத்தை இழுக்காதீர்கள். 11 மணியிலிருந்து காலை 5 மணி வரை பிராங்க்பர்ட்டில் விமானம் ஏறவோ இறங்கவோ கால அட்டவணையில் இடம் கிடையாது. சுற்றுவட்டாரத்து மக்கள் தூங்கவேண்டும் என்று நீதிமன்றம் வரை போய் வாங்கிய உரிமை. நம் ஊரில் தேசிய நெடுஞ்சாலை ஓரமாக வீடு கட்டியவர்கள் இந்த வரியை இரண்டு தடவை படிப்பார்கள்.

ஆஃபன்பாக் ஹோட்டலிலிருந்து ரோ மண்டபம் வரை மாஸ்டர் கணக்கு இது. விமான நிலையத்துக்கு உள்ளூர் ரயிலில் அரைமணிக்கு மேல். அங்கே காத்திருப்பு இரண்டு மணி நேரம். பயணம் ஒன்றே கால். ஒற்றைக்கால் ஷூப் பெட்டி பெல்ட்டில் வரும்வரை முக்கால். டாக்சி ஒரு மணி. ஐந்தரை மணி நேரம் போய்விட்டது. பிராங்க்பர்ட்டிலிருந்து பாசல், லுகானோ வழியாக மிலானுக்கு நேரடி ரயில் ஒன்று இருக்கிறது; ஏழரை மணி நேரத்துக்குப் பக்கம். பெட்டிக்கு எடைக் கட்டுப்பாடு இல்லை. கேஜை மடியில் வைத்துக்கொண்டு போகலாம். வழியில் 2016-ல் திறந்த கோட்ஹார்ட் சுரங்கம், 57 கிலோமீட்டர். ஆம்பூரில் உள்ளே நுழைந்தால் வேலூர் தாண்டி வெளியே வரும் நீளம். வித்தியாசம் இரண்டு மணி நேரம்தான். என் தீர்ப்பு ரயில்தான். ஆனால் கம்பெனிப் பணத்தில் போகிறவர் யாரும் ரயில் எடுத்து நான் பார்த்ததில்லை. விமானம் என்றால்தான் வேலை நடப்பதாக முதலாளி நம்புகிறார்.

விமானத்தில் போனால் ஒரு ஆறுதல். விமானி, "முப்பதாயிரம் அடி உயரத்தில் பறக்கிறோம்" என்பார். மீட்டரில் வாழும் ஐரோப்பாவில் இன்றைக்கும் அடிக்கணக்கில் பேசுபவர்கள் விமானிகளும் தோல் வியாபாரிகளும்தான். இத்தாலியர் சதுர மீட்டரில் விலை கேட்டால் 10.76-ஆல் வகுத்து அடிக்கணக்கைப் பிடியுங்கள். அவசரத்தில் பத்தால் வகுத்தால் கூடுதலாகக் கொடுப்பதாக நினைத்து மகிழ்ந்து நஷ்டத்தில் கையெழுத்துப் போடுவீர்கள்.

கடைசியாக, எதிர்த்திசைப் பயணம். மிலானில் பையர் உங்கள் விரல் தொட்ட தோலை மோந்து பார்த்து, மடித்துப் பார்த்து, "உங்கள் ஃபேக்டரியைப் பார்க்க வரவேண்டும். ஏர்போர்ட்டிலிருந்து எவ்வளவு தூரம்?" என்பார். இதற்கு நம் பகுதியில் பரம்பரையாக ஒரு பதில் இருக்கிறது: "ஜஸ்ட் டூ அவர்ஸ், சார்." அதைச் சொல்லாதீர்கள். வந்தவர் ஸ்ரீபெரும்புதூரில் முதல் முறையும் வாலாஜாவில் இரண்டாம் முறையும் வாட்சைப் பார்ப்பார். பள்ளிகொண்டாவில் பார்ப்பதை நிறுத்திவிடுவார். அந்த அமைதிக்குப் பிறகு பேசும் விலையில் அடிக்குப் பத்து சென்ட் குறையும். நான்கு மணி நேரம் என்று உள்ளதைச் சொல்லுங்கள். மூன்றே முக்காலில் வந்துசேர்ந்தால் சந்தோஷமாக இறங்குவார். அந்தச் சந்தோஷத்தோடு பிரியாணியைப் பரிமாறிவிடலாம். இங்கே அதற்குத் தடையில்லை. சென்னையிலிருந்து ஆம்பூர், பிராங்க்பர்ட்–மிலான் தூரத்தில் மூன்றில் ஒரு பங்குதான்; ஆகும் நேரம் மூன்று மடங்குக்கு மேல். இதை பையரிடம் புள்ளிவிவரமாகச் சொல்லிக் காட்டவேண்டாம்.

வேலூருக்குப் பக்கத்தில் அப்துல்லாபுரத்தில் விமான நிலையம் வருகிறதே என்று கேட்பார்கள். வருகிறது. உடான் திட்டத்தில் வேலூர் பெயர் சேர்ந்து ஆண்டுகள் பல ஆகின்றன. சிறிய விமானங்களுக்கு ஏற்ற ஓடுதளமும் முனையமும் அமைத்திருக்கிறார்கள். இதை எழுதும்வரை பயணிகள் விமானம் வரவில்லை. வந்தாலும் திட்டத்தில் பேசப்படுவது சுமார் இருபது பேர் உட்காரும் சிறு விமானம்; உங்கள் இரண்டு பெட்டிகளுக்கும் அதில் டிக்கெட் எடுக்கவேண்டியிருக்கும். அதுவரை செய்யவேண்டியது ஒன்றுதான்: கிளம்புவதற்கு முந்தைய நாளே ஃபாஸ்டாகில் பணம் இருக்கிறதா பாருங்கள். மீனம்பாக்கம் போவதற்குள் பள்ளிகொண்டா, வாலாஜா, ஸ்ரீபெரும்புதூர் என்று மூன்று சுங்கச்சாவடிகள் இருக்கின்றன.